ஆணமும் கஞ்சியும்: மலாக்கா தமிழ் முஸ்லிம் வீடுகளின் சமையல் வரலாறு



நாம் வாழும் பாச்சாங் என்ற பெயர் ஒரு பழத்தின் பெயர். மாங்காய் இனத்தைச் சேர்ந்த, தோல் தடித்த, மணம் மிகுந்த பழம் அது. அதன் பிஞ்சைச் சம்பாலுக்கும் புளிப்புக்கும் மலாய்க்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். மலாக்கா என்ற பெயரும் ஒரு மரத்தின் பெயர்தான். நம் மொழியில் அது நெல்லி. இஸ்கந்தர் ஷா தாம் நின்ற மரத்தின் பெயரையே நகருக்கு வைத்தார் என்று செஜாரா மெலாயு சொல்கிறது. ஊரும் பேட்டையும் காயின் பெயராலும் கனியின் பெயராலும் அழைக்கப்படும் இடத்தில், சாப்பாட்டின் வரலாற்றை எழுதுவது பொருத்தம்தான்.

நமது சங்கத்தின் பொன்விழா மலரில் கட்டடங்களையும் கூட்டங்களையும் பற்றிப் பெரியவர்கள் எழுதுவார்கள். நாம் நம் வீட்டு அடுப்படியைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம். அது எங்கும் எழுதப்படாமலே கிடக்கிறது என்பதுதான் காரணம்.

வணிகர் கணக்கில் உண்டு, சமையல் இல்லை

போர்த்துகீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தனர். அடுத்த சில ஆண்டுகளில் இங்கே தங்கியிருந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசிய மருந்துச் சரக்காளர், துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். அவர்களில் ஒருவர் குஜராத்தி வணிகருக்கு உரியவர். இன்னொருவர் பொறுப்பில் வங்காளம், பெகு, பாசாய் வணிகரோடு நம் சோழமண்டலக் கரை வணிகரும் இருந்தனர். நம்மவர்கள் கொண்டுவந்த துணியையும் எடுத்துச் சென்ற வாசனைச் சரக்கையும் பற்றி ஐரோப்பியர் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்த வணிகர் இரவில் என்ன சாப்பிட்டார், யார் ஆக்கிப் போட்டார் என்பதை எழுதியவர் இல்லை.

முன்ஷி அப்துல்லாவை நம் எல்லோருக்கும் தெரியும். 1796-இல் மலாக்கா கம்போங் பாலியில் பிறந்தவர். அவருடைய பூட்டனார் ஏமன் நாட்டிலிருந்து வந்து நாகூரில் மணம் முடித்தவர். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது அக்காலத்து மலாக்காவின் வழக்கம் என்றும், கணக்கு வழக்குக்கும் வணிகரோடு பேசுவதற்கும் அது தேவைப்பட்டது என்றும் அவர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தம் பாட்டியார் பெயரைப் பெரி ஆச்சி என்று குறிப்பிடுகிறார். பெயரைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியம்மா போலத் தோன்றுகிறது. அந்தப் பெரி ஆச்சியின் அடுப்பில் என்ன வெந்தது என்பது நமக்குக் கிடைக்கவில்லை.

சொல்லில் தங்கிய சாட்சி

எழுத்தில் இல்லாததைச் சொற்கள் கொஞ்சம் காப்பாற்றி வைத்திருக்கின்றன. மலாய்க்காரர் சொல்லும் காரி நம் கறி. அவர்களுடைய அப்பாம் நம் அப்பம், புத்து நம் பிட்டு, முருக்கு நம் முறுக்கு, மெம்பெலாம் நம் மாம்பழம். இவற்றை விற்கும் கெடாய் நம் கடை. கடைக்குப் போடும் மோடாலும் நம் முதல்தான். தெங்கராவில் மாலையில் வரிசை நின்று வாங்கும் புத்து பீரிங்கின் உள்ளே இருப்பது குலா மலாக்கா. பெயரில் இருப்பது நம் பிட்டு.

கந்தூரி என்பதையும் எண்ணிப் பாருங்கள். நாகூரில் கந்தூரி, மலாய் வீட்டில் கெண்டூரி. இரண்டும் உணவு பரிமாற விரிக்கும் விரிப்பைக் குறித்த பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. ஒரே விரிப்பைச் சுற்றி இரு சமுதாயமும் உட்கார்ந்ததற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் வீடுகளில் குழம்பை ஆணம் என்கிறோம். மீன் ஆணம், பருப்பு ஆணம், புளி ஆணம். பள்ளித் தோழர்கள் இதைக் கேட்டுச் சிரித்ததுண்டு. ஆனால் ஆணம் பழைய தமிழ்ச் சொல். மற்றவர்கள் விட்டுவிட்டதை நம் தாய்மார்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

கறி என்ற சொல்லுக்குச் சங்கத் தமிழில் மிளகு என்று பொருள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக் காய். போர்த்துகீசியர் கடல்வழி கண்ட பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. மிளகைப் போல உறைப்பதால் மிளகாய் என்று பெயர் வைத்தோம். தக்காளியும் உருளைக்கிழங்கும் அப்படியே பிறகு வந்தவை. ஆகவே, சுல்தான்கள் காலத்து மலாக்காவில் நம்மவர் சாப்பிட்ட ஆணத்தில் மிளகாயும் இல்லை, தக்காளியும் இல்லை. மிளகும் புளியும் தேங்காய்ப்பாலும்தான். காய்ச்சல் கண்டவருக்கு இன்றும் நாம் வைத்துக் கொடுக்கும் மிளகு ஆணம்தான் நம் சமையலில் ஆக மூத்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

காற்று திரும்பும் வரை

பாய்மரக் காலத்தில் கப்பல் நினைத்த நாளில் திரும்ப முடியாது. பருவக்காற்று மாறும் வரை வணிகர் மாதக்கணக்கில் இங்கே தங்கினர். பலர் இங்கேயே மணம் முடித்தனர். வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அடுப்பை ஆண்டவர்கள் இந்த மண்ணின் பெண்கள். கொத்தமல்லியும் சீரகமும் வெந்தயமும் கடல் தாண்டி வந்தன. பாண்டான் இலையும் செராய்த் தண்டும் பிளாச்சானும் வீட்டுக்குப் பின்னால் காத்திருந்தன. இரண்டும் ஒரே சட்டியில் சேர்ந்தன.

ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள கம்போங் கிளிங் பள்ளிவாசலைப் பார்த்தால் இது விளங்கும். 1748-இல் மரத்தால் கட்டப்பட்டு, 1872-இல் செங்கல்லால் எழுப்பப்பட்ட அந்தப் பள்ளியில் சுமத்ரா பாணிக் கூரையும் ஐரோப்பியத் தூண்களும் ஓடுகளும் சேர்ந்து நிற்கின்றன. எதுவும் ஒட்டவில்லை என்று யாரும் சொன்னதில்லை. நம் வீட்டு மீன் ஆணமும் அப்படித்தான்.

மலாக்கா செட்டிகளையும் இங்கே நினைக்க வேண்டும். காஜா பேராங்கில் வாழும் அந்தத் தமிழ் இந்துக் குடும்பங்களின் பேச்சு மொழி பல தலைமுறைகளாக மலாய்தான். மொழி போனாலும் தெய்வமும் படையலும் சமையலும் நின்றன. நம் நிலை வேறு. மொழியை நாம் வைத்திருக்கிறோம். சமையலை வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி.

ரப்பர், ரஜூலா, கிழங்கு

மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டம் நம் மாநிலத்தில்தான் தொடங்கியது. டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். தோட்டங்கள் பெருகத் தமிழ்த் தொழிலாளர்கள் வந்தனர். அவர்களுக்கு அரிசியும் பருப்பும் மிளகாயும் விற்க நம்மவர் கடைகள் வந்தன. 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை ரஜூலா கப்பல் ஓடியது. கடையின் பின்கட்டிலேயே ஆண்கள் முறை வைத்துச் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்த காலம் அது. குடும்பங்கள் வந்த பிறகே அடுப்படி வீட்டு அடுப்படி ஆனது.

ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசி அருகிப்போய் மரவள்ளிக்கிழங்கு சோறானது. அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் சிலர் பிறகு கிழங்கைத் தொடவே இல்லை. சிலர் ஒரு பருக்கையைக்கூடத் தட்டில் விடமாட்டார்கள். ஒரே பஞ்சம் இரண்டு விதமாகப் பாடம் சொன்னது.

இரண்டு சமையல்

நம் சமுதாயத்திற்கு இரண்டு சமையல் உண்டு. ஒன்று பண்டாரிகளும் கடைக்காரர்களும் செய்வது: நாசி கண்டார், ரொட்டி சானாய், தே தாரேக். இது நாடறிந்தது. மலேசியரின் காலைப் பசியாறும் வழக்கத்தை, ரொட்டி சானாய், தே தாரேக், நாசி லெமாக்கோடு சேர்த்து, 2024-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றது. நமக்குப் பெருமைதான்.

இன்னொன்று வீட்டுப் பெண்கள் செய்வது: எலும்பும் கத்திரிக்காயும் மாங்காயும் போட்ட தால்சா, இடியாப்பத்துக்குப் பாயா, முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த வட்டலப்பம், மேலும் கீழும் தணல் வைத்துச் சுடும் தம்மடை, நோன்புக் கஞ்சி. இவற்றுக்குப் பெயர்ப்பலகை இல்லை. பட்டியலும் இல்லை. செய்தவர் கையோடு போய்விடுபவை இவை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். எங்கள் உம்மம்மா தம்மடை செய்வதில் கெட்டிக்காரர். பனைவெல்லம் கிடைக்காத நாளில் குலா மலாக்காவைப் போட்டுப் பார்த்து, பிறகு அதையே வழக்கமாக்கிக் கொண்டவர். "எவ்வளவு ரவை?" என்று கேட்டால், "கண்ணு பாத்த அளவு" என்பார். பாலிடெக்னிக்கில் படித்த நாளில் ஓர் ஆணிக்கும் மில்லிமீட்டர் கணக்கு எழுதிப் பழகிய நாங்கள், அந்தக் கண்ணளவை ஒருநாளும் எழுதி வைக்கவில்லை. அவர் மவுத்தான அடுத்த பெருநாளில் உம்மாவும் சாச்சியும் செய்து பார்த்தார்கள். முட்டை எட்டு என்றார் ஒருவர், பத்து என்றார் மற்றவர். வந்தது நல்ல பலகாரம்தான். உம்மம்மாவின் தம்மடை அல்ல. சாப்பிட்டுவிட்டு யாரும் ஒன்றும் பேசவில்லை.

கடையிலும் இதைப் பார்க்கிறோம். வாப்பா காலத்தில் முழு மல்லியும் சீரகமும் சோம்பும் கிலோக் கணக்கில் வாங்கிப் போய், வீட்டுக்கொரு பக்குவத்தில் வறுத்து அரைத்தார்கள். இன்று பெரும்பாலோர் கேட்பது பாக்கெட் தூள். விற்பவர்கள் நாம்தான், வேலைக்குப் போகும் பெண்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அடுப்படி பெண்ணுக்கு மட்டும் உரியதுமல்ல. ஆனால் பத்து வீட்டிலும் ஒரே தூள் என்றால் பத்து வீட்டு ஆணமும் ஒன்றாகிவிடும் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

எழுதி வைத்த ஒரு கஞ்சி

உம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் கையால் அள்ளியதையெல்லாம் அளந்து எழுதிய நோன்புக் கஞ்சி இது. ஆறு பேருக்குப் போதும்.

பச்சரிசி நொய் 1 கப், பாசிப்பருப்பு கால் கப், வெந்தயம் 1 தேக்கரண்டி. மூன்றையும் கழுவி அரைமணி நேரம் ஊறவிடவும். சட்டியில் 2 மேசைக்கரண்டி நெய் விட்டு ஒரு துண்டு பட்டை, 2 ஏலம், 2 கிராம்பு போட்டு, நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்றை வதக்கவும். இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, கீறிய பச்சை மிளகாய் 2, தக்காளி 1, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கொத்திய ஆட்டிறைச்சி 100 கிராம் சேர்த்து வதக்கவும். 9 கப் தண்ணீர், முடிச்சுப் போட்ட ஒரு பாண்டான் இலை, ஊறிய அரிசி, பருப்பு, வெந்தயம் போட்டுச் சிறுதீயில் 40 நிமிடம் வேகவிட்டு, அடிபிடிக்காமல் கிண்டவும். குழைந்ததும் உப்பும் ஒரு கைப்பிடி புதினா மல்லி இலையும் போட்டு, 1 கப் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றவும். ஒரு கொதி வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். இல்லையேல் பால் திரியும். அந்தக் கைப்பிடியை மட்டும் அளவாக மாற்ற உம்மா சம்மதிக்கவில்லை.

அடுத்த ஐம்பதுக்கு

நம் சங்கத்திடமும் நம் குடும்பங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீடும் ஒரே ஓர் உணவை எழுதித் தரட்டும். யார் செய்தது, ஊரில் எந்தப் பக்கத்திலிருந்து வந்த பக்குவம், இந்த நாட்டில் எதற்குப் பதில் எதைச் சேர்த்தார்கள், எவ்வளவு: இந்த நான்கும் போதும். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் கரண்டியும் பேனாவுமாகப் பாட்டியின் பக்கத்தில் ஒருநாள் நிற்கட்டும். ஒரு சஹனைச் சுற்றி நால்வராக உட்கார்ந்து சாப்பிட்ட சமுதாயம் நாம். எழுதுவதையும் சேர்ந்தே செய்யலாம்.

பெரி ஆச்சியின் அடுப்பில் என்ன வெந்தது என்று நமக்குத் தெரியாது. நம் உம்மம்மாக்களைப் பற்றி நம் பேரப்பிள்ளைகள் அப்படிச் சொல்ல வேண்டியிராதபடி, இன்னும் உயிரோடிருக்கும் கைகளைக் கேட்டு எழுதுவோம். உண்ணக் கொடுத்த தாய்மார்களுக்கும், நம்மை முந்திச் சென்றவர்களுக்கும் அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.