எக்ஸ்எம்எல் வணிக ஆவணங்களின் சரிபார்ப்பு: வளர்ந்த வரலாறு

இரண்டு நிறுவனங்களின் கணினிகள் நேரடியாகத் தகவல் பரிமாறும்போது இடையில் மனிதக் கண் இல்லை. ஒரு கணினி அனுப்பும் கொள்முதல் ஆணையையோ, இன்வாய்ஸ் எனும் விலைப்பட்டியலையோ மற்றொன்று கணக்கில் ஏற்றுவதற்கு முன், அது சரியானதா என்று பார்க்க வேண்டும். இதுவே சரிபார்ப்பு எனப்படும். இந்தச் ‘சரி’ என்ற சொல்லுக்குள் பல படிகள் உண்டு என்பது அனுபவத்தில்தான் தெரியவந்தது.

எக்ஸ்எம்எல் தோன்றுவதற்கு முன்பே மின்னணுத் தரவுப் பரிமாற்றம் இருந்தது. 1948-49இல் பெர்லின் நகருக்கு வான்வழியே சரக்கு கொண்டுசென்ற பணியில், பல வடிவங்களில் வந்த சரக்குப் பட்டியல்களைச் சீராக்கியவர்களுள் அமெரிக்கப் படை அதிகாரி எட்வர்ட் கில்பர்ட்டும் ஒருவர். அந்த அனுபவம் 1975இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையினர் வெளியிட்ட முதல் தரநிலைகளுக்கு வித்திட்டது. பின்னர் எக்ஸ்12, எடிஃபாக்ட் ஆகியவை வந்தன. இவற்றில் ஒரு தகவல் என்னவென்பதை அது நிற்கும் இடமே சொல்லும். நட்சத்திரக் குறிகளுக்கோ கூட்டல் குறிகளுக்கோ இடையில் எண்கள் வரிசையாக நிற்கும். விதிகள் பெரும்பாலும் அச்சிட்ட கையேடுகளில் இருந்தன. புதிய வணிகர் ஒருவர் சேர்ந்தால், மாதிரி ஆவணம் அனுப்பி, தொலைபேசியில் பேசி, திருத்தி, மறுபடியும் அனுப்ப வேண்டும்.

1998 பிப்ரவரி 10 அன்று உலகளாவிய வலைச் சேர்த்தியம் எக்ஸ்எம்எல் 1.0-ஐப் பரிந்துரையாக வெளியிட்டது. 1986இல் ஐஎஸ்ஓ தரநிலையான எஸ்ஜிஎம்எல்லின் எளிய வடிவம் இது. ஜான் போசாக் தலைமையிலான குழு ஒரு கண்டிப்பான முடிவை எடுத்தது: குறிச்சொல் ஒன்று மூடப்படாமல் இருந்தாலும் அந்த ஆவணத்தை மேற்கொண்டு வழக்கம்போல் கையாளக் கூடாது. பிழையான வலைப்பக்கங்களை உலாவிகள் ஊகித்துக் காட்டிவந்த காலம் அது. ஊகம் வலைப்பக்கத்துக்குப் பரவாயில்லை. பணம் கைமாறும் ஆவணத்துக்கு ஆகாது.

இது முதல் படி. எந்த உறுப்புக்குப் பின் எது வர வேண்டும் என்பது இரண்டாம் படி. அதற்கு முதலில் டிடிடி பயன்பட்டது. நூல் பதிப்புக்கு அது போதுமானது. வணிகத்துக்குப் போதவில்லை, ‘அளவு’ என்ற உறுப்பில் எண்ணுக்குப் பதில் ‘தெரியாது’ என்று எழுதினாலும் டிடிடி ஏற்றுக்கொள்ளும். 2001 மே 2 அன்று வந்த எக்ஸ்எம்எல் ஸ்கீமா, தேதி, தசம எண் போன்ற தரவு வகைகளைத் தந்து இக்குறையைப் போக்கியது. அது மிகச் சிக்கலானது என்ற குறையும் எழுந்தது. ஜேம்ஸ் கிளார்க்கும் முராத்தா மகோத்தோவும் ரிலாக்ஸ் என்ஜி என்ற எளிய மாற்றை உருவாக்கினர்.

ஒரு விலைப்பட்டியலைப் பாருங்கள். 12 குறிப்பேடுகள், ஒன்று 40 ரூபாய், மொத்தம் 4,800 ரூபாய். குறிச்சொற்கள் ஒழுங்காக உள்ளன; எல்லாம் எண்களே. 2001-ஆம் ஆண்டு ஸ்கீமா இதைச் செல்லும் என்றே சொல்லும், உண்மைத் தொகை 480 ரூபாயாக இருந்தாலும். கணக்கு விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இது புதிதல்ல: படிகள் அழகாக இருக்கும், விடை தவறாக இருக்கும்.

இந்த மூன்றாம் படிக்கு வழி காட்டியது ஸ்கீமட்ரான். ஆஸ்திரேலியரான ரிக் ஜெலிஃப், தைவானின் அகாடமியா சினிகா நிறுவனத்தில் பணியாற்றியபோது 1999இல் அதை வெளியிட்டார். வரித்தொகைகளின் கூட்டல் மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதுபோன்ற கூற்றுகளை அதில் எழுதலாம். கூற்று பொய்த்தால் காட்ட வேண்டிய செய்தியையும் சாதாரண மொழியில் அங்கேயே எழுதலாம். இந்தச் செய்திதான் ஸ்கீமட்ரானின் பெரிய நன்மை என்பது என் கருத்து. ‘ஆவணம் செல்லாது’ என்று மட்டும் சொன்னால் அனுப்பியவர் என்ன செய்வார்? 2006இல் அது ஐஎஸ்ஓ தரநிலையானது. ஸ்கீமாவின் 1.1 பதிப்பும் 2012இல் இத்தகைய கூற்றுகளை ஏற்றது.

டென்மார்க்கில் 2005 பிப்ரவரி 1 முதல் அரசு அலுவலகங்களுக்குப் பொருள் விற்போர் மின்னணு விலைப்பட்டியலே அனுப்ப வேண்டியதாயிற்று. அதன் வடிவம் யுபிஎல் என்ற தரநிலையின் முன்வரைவைத் தழுவியது. கணினி வசதியற்ற சிறு வணிகர்களின் காகிதப் பட்டியலை எக்ஸ்எம்எல்லாக மாற்றித்தரத் தனி நிலையங்களும் இருந்தன. ஆவணம் திரும்பினால் பணம் தள்ளிப்போகும். பெரிய நிறுவனம் பொறுத்துக்கொள்ளும், சிறு கடைக்காரருக்கு அந்த மாதச் செலவே இடிக்கும். 2017இல் வந்த ஐரோப்பியத் தரநிலையான இஎன் 16931 வணிக விதிகளுக்கு எண்கள் கொடுத்தது. பிஆர்-சிஓ-10 என்ற விதி மேலே சொன்ன கூட்டலையே சோதிக்கிறது. இவ்விதிகளின் ஸ்கீமட்ரான் வடிவம் எவரும் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டுள்ளது. ஆகவே, அனுப்புவதற்கு முன்பே விற்பவர் தம் ஆவணத்தைச் சோதித்துக்கொள்ளலாம்.

இந்தியாவிலும் பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகம் 2010-11 நிதியாண்டு முதல் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் உள்ளிட்ட சில வகையினரின் ஆண்டுக்கணக்கை, எக்ஸ்எம்எல் வழிவந்த எக்ஸ்பிஆர்எல் வடிவில் கேட்டது; சரிபார்க்கும் கருவியையும் தானே வழங்கியது.

விதிகளையும் சோதிக்க வேண்டும். நல்ல ஆவணங்களை மட்டும் கொடுத்துப் பார்த்தால், எதையும் தடுக்காத விதிகூடத் தேர்ச்சி பெற்றுவிடும். எனவே ஒவ்வொரு விதிக்கும் வேண்டுமென்றே பிழை செய்த ஆவணங்களையும் தயாரிக்கிறார்கள். அவை மறுக்கப்பட்டால்தான் விதி வேலை செய்கிறது. பைசாவை முழுமையாக்கும்போது வரும் சிறு வேறுபாடு இங்கே அடிக்கடி தலைகாட்டும்.

மூன்று படிகளையும் தாண்டிய பட்டியலில் உள்ள குறிப்பேடுகள் உண்மையில் வந்து சேர்ந்தனவா என்பதை எக்ஸ்எம்எல் சொல்லாது. அதைக் கொள்முதல் ஆணையோடும் சரக்கு வரவுச் சீட்டோடும் ஒப்பிட்டு, வாங்குபவரின் கணக்குப் பிரிவே பார்க்கிறது.