நத்தையைக் கணக்கெடுத்த நாடு

ஜப்பானில் மலைகள் சூழ்ந்த நெல் வயல் பூமி ஒன்று உண்டு. கோஃபு சமவெளி என்பது அதன் பெயர். அவ்வயல்களில் இறங்கி உழைத்த குடியானவர்களை ஒரு நோய் தலைமுறை தலைமுறையாக வாட்டியது. முதலில் காலில் அரிப்பு; பின்னர் காய்ச்சல், கழிச்சல்; ஆண்டுகள் செல்லச் செல்ல வயிறு பானைபோல் வீங்கும், கைகால்கள் குச்சியாகும். அவ்வூர்களுக்குப் பெண் கொடுக்கவும் பிறர் தயங்கினர்.

சுகியாமா நகா என்ற குடியானவப் பெண்மணி 1897ஆம் ஆண்டில் இந்நோயால் மாண்டார். தம் உடலை அறுத்துக் காரணத்தைக் கண்டறியுமாறு அவர் மருத்துவர்களிடம் முன்னரே எழுத்தால் வேண்டியிருந்தார். உடலை அறுப்பதை மக்கள் அஞ்சி வெறுத்த காலம் அது. அவருடைய ஈரலில் புழு முட்டைகள் காணப்பட்டன. 1904இல் அப்பகுதிப் பூனை ஒன்றின் இரத்தக் குழாயில் அம்முட்டைகளுக்குரிய புழுவைக் கத்சுரதா என்னும் அறிஞர் கண்டார். வயல் நீரிலிருந்து தோலின் வழியே புழு நுழைகிறது என்பதும் பின்னர் தெளிவாயிற்று.

எனினும் ஒரு முடிச்சு அவிழவில்லை. முட்டையிலிருந்து வெளிப்படும் குஞ்சுப் புழு எந்த உயிரின் தோலையும் நேரே துளைக்கவில்லை. அப்படியானால் இடையில் அது எங்கே வளர்கிறது? 1913இல் கியூஷு தீவில் மியாயிரி, சுசுகி என்ற இருவர், வாய்க்கால் ஓரத்தில் கிடந்த நெல்மணியளவு நத்தையை எடுத்துச் சோதித்தனர். குஞ்சுப் புழுக்கள் அதனுள் புகுந்தன. உள்ளே பல மடங்காகப் பெருகி வெளிவந்தன. மிகச் சில நத்தைகளில் புழு இருந்தாலே ஓர் ஊரை நோய் பற்றப் போதும் என்பது அப்போது விளங்கிற்று.

பம்பாய்ப் பக்கத்து நேயர்களுக்கு ஒரு செய்தி: இக்குடும்பத்துப் புழு ஒன்று உண்டாக்கும், சிறுநீரில் இரத்தம் போகும் நோய், ரத்னகிரி மாவட்டத்துக் கிம்வி கிராமத்தில் நிலவியதைக் காட்கில், ஷா என்போர் 1952இல் வெளியிட்டனர். அங்கும் தேடல் நீரிலுள்ள சிறு நத்தையிடமே சென்றது.

கோஃபுவில் நத்தை வேட்டை தொடங்கியது. ஊரார் உணவுக் குச்சிகளாலேயே நத்தைகளைப் பொறுக்கினர். அளந்து கொடுத்தவர்க்குக் கூலியும் கிடைத்தது. ஆனால் பொறுக்கித் தீரும் உயிரா அது? சுண்ணாம்பு தூவியும் மீண்டும் பெருகியது. எங்கே வாழ்கிறது, எங்கே வாழ்வதில்லை என்று பார்த்தபோதுதான் வழி பிறந்தது. ஓரத்து ஈரச் சேறும் புல்லடியுமே அதன் வீடு. விரைந்தோடும் நீரில் அதனால் நிலைகொள்ள இயலாது. ஆகவே 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வாய்க்கால்களுக்குச் சிமெண்டுக் கரை கட்டினர். நெல் வயல்கள் பலவும் பழத்தோட்டங்களாயின.

1996இல் நோய் ஒழிந்தது என்று மாநில நிர்வாகம் அறிவித்தது. நத்தையோ முற்றும் ஒழியவில்லை. அதனால் அறிவிப்புக்குப் பின்னும் அதைத் தேடிப் பிடித்துச் சோதித்தே வந்தனர். கியூஷுவின் சிக்குகோ ஆற்றுப் பக்கத்தில் அது அடியோடு அழிந்தபோது, மனிதர் நலத்துக்காகக் கொல்லப்பட்ட அந்தச் சிற்றுயிருக்கு ஊரார் ஒரு நினைவுக் கல் நாட்டினர்.