கடற்கரையிலிருந்து புக்கிட் தீமா உச்சிக்கு

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு வெளியே வருவோர், தாம் நிற்குமிடம் ஒரு மலைவழியின் தொடக்கம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. சிராங்கூன் சாலை முனையில் தொடங்கும் புக்கிட் தீமா சாலை, சிங்கப்பூர்த் தீவின் மிக உயர்ந்த குன்றை நோக்கிச் செல்வதாகும். நெய்தலில் புறப்பட்டுக் குறிஞ்சியில் முடியும் இவ்வழியை இன்று பேருந்தில் எளிதாகக் கடக்கலாம். 1820-களில் அஃது எளிதாக இருந்ததில்லை.

குன்றின் உயரம் 163 மீட்டரே. கொடைக்கானலைக் கண்ட கண்ணுக்கு இது மலையாகவே தோன்றாது. ஆனால் இடர் உயரத்தில் இல்லை, இடைவழியில் இருந்தது. கடலோரத்தில் சதுப்பு, அதைத் தாண்டினால் பிரம்பும் கொடியும் பின்னிக் கிடந்த மழைக்காடு, பின்னாளில் புலியச்சமும் சேர்ந்துகொண்டது. 1825 ஆகஸ்டில் தீவைப் பிரிட்டானியர் உடைமையெனச் சாற்றப் புறப்பட்ட ஜான் கிராஃபர்டு, 'மலபார்' என்னும் கப்பலில் அதனைச் சுற்றி வந்தாரேயன்றி ஊடே நடந்தாரல்லர்.

சாவகத்து மலைகளைப் போல இஃது எரிமலையன்று. எனினும் நெருப்பின் பிள்ளையே. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நிலத்தடியில் கொதித்த பாறைக்குழம்பு, வெளியே கக்கப்படாமல் உள்ளேயே ஆறி இறுகிக் கருங்கல்லாயிற்று. மேல்நிலம் தேய்ந்தபின் குன்றாக வெளிப்பட்டது. 'தீமா' என்பது மலாய் மொழியில் வெள்ளீயத்தைக் குறிக்கும். 'தெமாக்' என்னும் மரப்பெயரின் திரிபு என்பாரும் உளர். தமிழ்ச் செவிக்கு அதில் 'தீ' ஒலிப்பது தற்செயலே.

இக்காட்டினூடே வழி திறந்தவர்களுள் இந்தியக் கைதிகள் முக்கியமானவர்கள். சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டு, சுமத்திராவின் பெங்கூலனில் இருந்த 80 பேர், 1825 ஏப்ரல் 18-இல் சிங்கப்பூர் வந்திறங்கினர். அடுத்து வங்கத்துக் கைதிகள் வந்தனர். சென்னை மாகாணம் என்றால் தெலுங்கரும் மலையாளிகளும் அதில் அடங்குவர். ஆதலின் அனைவரையும் தமிழர் எனல் பொருந்தாது. சதுப்பைத் தூர்த்தல், மரம் வெட்டுதல், கல்லுடைத்தல், சாலை போடுதல் ஆகிய யாவும் அவர்கள் தலையில் விழுந்தன. 1833 முதல் அவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த கட்டடக் கலைஞர் கோல்மன், 1835-இல் காட்டில் சாலைக்காக நிலம் அளந்துகொண்டிருந்தபோது புலியொன்று பாய்ந்து அளவைக் கருவியைச் சாய்த்துவிட்டு ஓடிற்று. இந்நிகழ்ச்சி பின்னர்ச் சித்திரமாகவும் வரையப்பட்டது. கோல்மனின் பெயரை ஒரு தெரு இன்றும் தாங்கி நிற்கிறது. உடனிருந்த கைதிகளின் பெயரை யாரும் கேட்பதில்லை.

1843-இல் குன்றின் உச்சிவரை பாதை எட்டிற்று. 1845-இல் பெருஞ்சாலை தீவின் வடபுறத்துக் கிராஞ்சியை அடைந்தது. 1854-இல் வந்த இயற்கை ஆராய்ச்சியாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ், புக்கிட் தீமாவில் தங்கி, ஏறத்தாழ இரண்டு திங்களில் 700 வகை வண்டுகளைத் திரட்டினார். காட்டில் ஆங்காங்கே தோண்டப்பட்டிருந்த புலிக்குழிகளுக்கு அவரும் அஞ்சியே நடந்தார். வண்டுகளுக்கு இலத்தீன் பெயர்கள் கிட்டின.

1873-இல் சிங்கப்பூர்க் கைதிநிலையம் மூடப்பட்டது. தண்டனைக் காலம் முடியாத பலர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலை பெற்றவர்களுள் பலர் ஊர் திரும்பாமல், தாம் சாலை அமைத்த தீவிலேயே தங்கிவிட்டனர்.