வாலட் வழி விருந்தினர் வைஃபை அனுமதி

விடுதி, அலுவலகம், மருத்துவமனை, திருமண மண்டபம் போன்ற இடங்களுக்கு வந்து போகிறவர்கள் அங்குள்ள வைஃபையைச் சில மணி நேரமோ சில நாளோ பயன்படுத்துவதற்கான அனுமதியை, அவர்களது கைப்பேசியின் ஆப்பிள் வாலட் அல்லது கூகுள் வாலட் செயலியில் ஒரு பாஸாகச் சேர்த்துக் கொடுக்கும் முறை. விமானச் சீட்டும் சினிமா டிக்கெட்டும் இருக்கும் அதே இடத்தில் இந்தப் பாஸும் இருக்கும். இந்தியாவில் பொது வைஃபைக்குள் நுழைபவர் யார் என்பதைத் தீர்மானிப்பது பாஸ் அன்று; பெரும்பாலும் கைப்பேசி எண்ணும் அதற்கு வரும் ஓடிபியும்தான்.

தோற்றம்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தது. அதன் பின் வீடுகளிலும் கடைகளிலும் வைஃபை பெட்டிகள் பெருகின. கடவுச்சொல்லே போடாமல் திறந்து வைப்பது அப்போது சாதாரணம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. நவி மும்பைக் குடியிருப்பு ஒன்றில் பூட்டாமல் கிடந்த வைஃபை வழியாக, வீட்டுக்காரருக்குத் தெரியாமலே அது அனுப்பப்பட்டிருந்தது. செப்டம்பரில் தில்லி குண்டுவெடிப்பின்போதும் மும்பையின் செம்பூரிலிருந்து இதே வழியில் ஒரு மின்னஞ்சல் போயிற்று.

இதற்கு முடிவு கட்டும் விதத்தில் தொலைத்தொடர்புத் துறை 2009 பிப்ரவரி 23 அன்று இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஆணை பிறப்பித்தது. பொது இடத்தில் வைஃபை தருவோருக்கு அது இரண்டு வழிகளை விட்டது: புகைப்பட அடையாள அட்டையின் நகலை வாங்கி ஓராண்டு வைத்திருப்பது, அல்லது கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியில் கடவுச்சொல் அனுப்பி அந்த எண்ணை ஓராண்டு பதிவில் வைப்பது. நகலெடுத்துக் கோப்பில் சேர்க்க யாருக்கும் பொறுமை இல்லாததால் இரண்டாவது வழியே நிலைத்தது. இதைத் தனியுரிமைக்கு இடையூறு என்போர் உண்டு. ஆனால் 2008 நிகழ்வுகளுக்குப் பிறகு இது தவிர்க்க முடியாத ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டைப் பொதுமக்களிடம் பெரிய அளவில் கொண்டு சேர்த்தவை ரயில் நிலையங்கள். ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனம் கூகுளுடன் சேர்ந்து 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் இலவச வைஃபையைத் தொடங்கி, 2018 ஜூனில் 400 நிலையங்களை எட்டியது. 2020இல் கூகுள் விலகிய பின்னும் ரயில்டெல் தனியே தொடர்ந்தது. முதல் அரை மணி நேரம் இலவசம். அதற்கு மேல் வேண்டுமானால் நாளொன்றுக்கு 10 ரூபாயிலிருந்து கட்டணத் திட்டங்கள் 2021 மார்ச்சில் வந்தன. சென்னையை ஒட்டிய தாம்பரம் நிலையத்தில் மின்ரயிலுக்குக் காத்திருக்கும் பயணி தம் எண்ணைத் தட்டி ஓடிபிக்காகப் பார்த்திருப்பது அந்த 2009 ஆணையின் தொடர்ச்சியே.

2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம்.வாணி திட்டம், தெருமுனைக் கடைக்காரரும் உரிமமோ பதிவோ இன்றி வைஃபை விற்கலாம் என்றது. பழைய எஸ்.டி.டி. பூத்தின் மறுபிறவி என்று இதைச் சொல்லலாம். இதிலும் பயனரின் அடையாளத்தை உறுதி செய்வது ஒரு செயலியின் வேலை. கடைக்காரருக்கு அந்தச் சுமை இல்லை.

பாஸ் அமைக்கும் முறை

ஆப்பிள் 2012இல் பாஸ்புக் என்று கொண்டுவந்த செயலி 2015இல் வாலட் எனப் பெயர் மாறியது. அதன் பாஸ் என்பது ஒரு சுருக்கப்பட்ட கோப்பு. விவரங்கள், படங்கள், அவற்றை யாரும் திருத்தவில்லை என்று காட்டும் பட்டியல், வெளியிட்டவரின் மின்கையொப்பம் ஆகியவை அதற்குள் இருக்கும். கையொப்பத்துக்கான சான்றிதழைப் பெற ஆண்டுக்கு 99 டாலர் கட்டி ஆப்பிளில் பதிய வேண்டும். ஒரு மண்டப உரிமையாளர் இதற்குச் செலவழிக்க மாட்டார். கூகுள் வாலட்டில் வெளியீட்டாளர் கணக்குக்குக் கட்டணம் இல்லை. கையொப்பமிட்ட ஓர் இணைப்பை அனுப்பினால் போதும்; பயனர் அதைத் தட்டிப் பாஸைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆப்பிள் பாஸுக்குள் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் வைப்பதற்கென்றே தனிப் புலம் உண்டு. பாஸில் கியூஆர் குறியீட்டை அச்சிடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: தன் திரையில் இருக்கும் குறியீட்டைத் தன் கேமராவால் படம் பிடிக்க முடியாது. அந்தக் குறியீடு, வரவேற்பில் இருப்பவர் வருடிப் பார்க்கவோ, உடன் வந்தவரின் கைப்பேசியை இணைக்கவோ மட்டும் உதவும். கடவுச்சொல் மாறினால், கைப்பேசியில் உள்ள பாஸை வெளியீட்டாளர் தம் இடத்திலிருந்தே புதுப்பிக்கலாம். சுவரில் ஒட்டிய தாளுக்கு இல்லாத வசதி இது. இணைப்பு தானாக ஏற்பட வேண்டுமென்றால் 2012இல் வந்த பாஸ்பாயிண்ட் தரத்தை ஏற்கும் கருவிகளும், பின்னால் பயனரைச் சரிபார்க்கும் ஒரு ரேடியஸ் வழங்கியும் தேவைப்படும். எந்த வழியானாலும் விருந்தினர் இணைப்பை வீட்டு அல்லது அலுவலக இணைப்பிலிருந்து தனியே பிரித்து வைப்பது முதல் வேலை.

இந்திய எண் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு ஓடிபி முறை பெரும் தொல்லை. அடையாள அட்டையின் நகலைக் கொடுக்கும் வழியில் இந்தப் பாஸைப் பெற்றால் உண்மையிலேயே பயன்பெறக்கூடியவர் அவர்தான்.

இன்றைய நிலை

கூகுள் வாலட் 2024 மே 8 அன்று, பணம் செலுத்தும் வசதி இல்லாமல், இந்தியாவுக்கு வந்தது. கொச்சி மெட்ரோ, ஏர் இந்தியா, பிவிஆர் ஐநாக்ஸ் ஆகியவை முதலில் சேர்ந்தவற்றுள் அடங்கும். ஆனாலும் 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்த செம்பாக்கம் முதலிய பகுதிகளின் மண்டபங்களிலும் விடுதிகளிலும் வரவேற்பு மேசையில் ஒட்டிய கடவுச்சொல்லே பெருவழக்கு. பி.எம்.வாணி கடைக்காரர்களுக்கான இணைப்புக் கட்டணத்துக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 ஜூனில் உச்சவரம்பு விதித்தது.