மவுண்டன் சைக்கிளின் கதையும் நமது பிள்ளைகளின் கால் நீளமும்

தரம் ஐந்து புலமைப்பரிசில் பெறுபேறு வந்துவிட்டால் ஊரில் இரண்டு பேச்சுத்தான். ஒன்று வெட்டுப்புள்ளி. மற்றது சைக்கிள். "பாஸ் பண்ணினா மவுண்டன் சைக்கிள் வாங்கித் தாறன்" என்று வாப்பாமார் கொடுத்த வாக்கை நிறைவேற்றும் காலம் அது. தரம் ஆறுக்குத் தூரத்துப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு அது பரிசு மட்டுமல்ல, தினமும் போய்வரும் வாகனமும்தான்.

கடையில் நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம். "வளர்ற பிள்ளைதானே, பெரிசா எடுங்க, ரெண்டு மூணு வருஷத்துக்குக் காணும்" என்பார்கள். தடித்த டயர், முன்னுக்கும் நடுவிலும் ஸ்பிரிங், கையிலே கியர். பிள்ளையின் கண்ணும் அதில்தான். மூன்று மாதம் போனதும் அந்தச் சைக்கிள் விறாந்தையில் சாய்ந்து நிற்கும். "இவ்வளவு காசு குடுத்து வாங்கினதுக்கு ஓடுறானில்ல, சோம்பேறி" என்று பிள்ளைக்கு ஏச்சு விழும்.

பிள்ளை சோம்பேறியா, சைக்கிள் பிழையா? இதற்கு விடை தேடிச் சைக்கிளின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

1817இல் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வொன் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரம் பூட்டிய ஒரு மர வண்டியை ஓடிக் காட்டினார். அதற்குப் பெடலும் இல்லை, செயினும் இல்லை. அதில் இருந்துகொண்டு இரண்டு காலாலும் நிலத்தை உதைத்து ஓடவேண்டும். நிறை 20 கிலோவுக்கு மேல். ஆனால் ஓடுபவரின் பாதம் நிலத்தைத் தொடும், அதனால் பயம் குறைவு. இன்று சின்னப் பிள்ளைகளுக்கு விற்கும் பெடல் இல்லாத சைக்கிளும் அதே முறைதான்.

1860களில் பாரிஸில் முன்சக்கரத்திலேயே பெடலைப் பூட்டினார்கள். கல் பதித்த தெருவில் அது குலுக்கிய குலுக்கலுக்கு ஆங்கிலேயர் அதை "எலும்பு குலுக்கி" என்றே அழைத்தார்கள். செயின் இல்லாததால் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுத்தான் சுற்றும். வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதுதான் வழி. இப்படித்தான் 1870களில், முன்னுக்கு ஆள் உயரச் சக்கரமும் பின்னுக்குக் குட்டிச் சக்கரமும் கொண்ட சைக்கிள் வந்தது.

அந்தச் சைக்கிளைக் கால் நீளத்தை அளந்துதான் வாங்கினார்கள். சக்கரம் அளவுக்கு மிஞ்சினால் கால் பெடலுக்கு எட்டாது. "வளர்ந்ததும் சரியாகும்" என்று யாரும் பெரிதாக வாங்க முடியாது. அளவாக வாங்கியவர்களே தலைகுப்புற விழுந்தார்கள்.

1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி தனது ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். இனி வேகத்துக்குப் பெரிய சக்கரம் தேவையில்லை, செயின் ஓடும் பற்சக்கரங்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன. இன்று நாம் ஓடும் சைக்கிளின் மூல வடிவம் அதுதான்.

அடுத்த மாற்றம் ஒரு பிள்ளையால் வந்தது. பெல்பாஸ்ட் நகரில் ஜோன் பொய்ட் டன்லொப் என்ற மிருக வைத்தியர் இருந்தார். அவரது மகனின் முச்சக்கரச் சைக்கிள் கல் தெருவில் ஓடக் கஷ்டப்பட்டது. அவர் றப்பர்க் குழாயில் காற்றடைத்து ஒரு தட்டில் சுற்றினார். பழைய சக்கரத்தையும் இதையும் முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். பழையது பாதியில் விழுந்தது, காற்றுச் சக்கரம் நெடுந்தூரம் ஓடியது. 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். காற்றடைத்த டயருக்கு ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்பவர் 1840களிலேயே காப்புரிமை எடுத்திருந்தாலும் அது அப்போது பரவவில்லை.

இந்த இடத்தில் நமது நாடும் கதைக்குள் வருகிறது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோன றப்பர் விதைகள் அங்கே முளைத்தன. அதிலிருந்து ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகில் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. பிறகு டயருக்கு உலகமெங்கும் கேள்வி கூடியபோது களுத்துறையும் கேகாலையும் றப்பர்த் தோட்டங்களால் நிறைந்தன.

சரி, மவுண்டன் சைக்கிள் எங்கே பிறந்தது? 1970களில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமல்பாயிஸ் மலையடிவாரத்து மரின் பகுதியில். அங்கிருந்த இளைஞர்கள் 1930களிலும் 40களிலும் செய்த தடித்த டயர்ச் சைக்கிள்களைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, மலையிலிருந்து மண்பாதையில் கீழே ஓடினார்கள். 1976 ஒக்டோபரில் அதைப் போட்டியாகவே தொடங்கினார்கள். போட்டியின் பெயர் ரீபெக். பின்பெடல் பிரேக் சூடேறி உள்ளே இருந்த கிரீஸ் எரிந்துபோகும், அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த வேலைதான் பெயரானது.

அந்தச் சைக்கிள்கள் 20 கிலோ அளவில் இருந்தன. இறங்குவதற்குப் பாரம் உதவும், ஏறுவதற்கு உதவாது. பலர் சைக்கிளை லொறியில் ஏற்றி அல்லது தள்ளிக்கொண்டுதான் மேலே போனார்கள். ஓடியே ஏறவேண்டும் என்ற ஆசை வந்ததும்தான் புதுச் சைக்கிள் பிறந்தது. கெரி பிஷர் போன்றவர்கள் கியர் பூட்டினார்கள். 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே நல்ல உருக்குக் குழாயில் பிரேம் செய்தார். அதன் நிறை 17 கிலோ அளவு. 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பனியின் ஸ்டம்ப்ஜம்பர், தொழிற்சாலையில் பெருமளவில் செய்த முதல் மவுண்டன் சைக்கிளாகச் சந்தைக்கு வந்தபோது அது இன்னும் சில கிலோ குறைந்திருந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் சைக்கிளோட்டம் ஒரு போட்டியானது.

ஆகவே மவுண்டன் சைக்கிளின் வரலாறு என்பது பாரத்தைக் கழற்றிய வரலாறு. ஆனால் பிள்ளைகளுக்கான மலிவுச் சைக்கிள்களில் பெரும்பாலும் அந்தத் தோற்றம் மட்டும்தான் வந்தது. போட்டிச் சைக்கிளின் ஸ்பிரிங் போல ஒரு ஸ்பிரிங், ஆனால் பாரமான இரும்பில். 25 கிலோப் பிள்ளை ஏறி இருந்தால் அது சரியாக அமுங்குவதுமில்லை. பாரம் மட்டும் கூடுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பிள்ளை 25 கிலோ, சைக்கிள் 14 கிலோ. பிள்ளையின் நிறையில் பாதிக்கும் மேல். அதே விகிதத்தில் 70 கிலோ வாப்பாவுக்கு 39 கிலோச் சைக்கிள் கொடுக்கவேண்டும். ஒரு சீமெந்துப் பக்கெற்றுக்குப் பதினொரு கிலோதான் குறைவு. அதைப் பாலத்து ஏற்றத்தில் மிதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லலாம்.

2000களின் நடுப்பகுதியில் பிரித்தானியாவில் ஐஸ்லா ரவுன்ட்ரீ என்ற சைக்கிளோட்ட வீராங்கனை இதைக் கவனித்துப் பிள்ளைகளுக்கென்றே இலேசான சைக்கிள்கள் செய்தார். அலுமினியம் பிரேம், குட்டைப் பெடல் தண்டு, சின்னக் கைக்கு எட்டும் பிரேக். 2023இல் அவரது கம்பனி புதுச் சைக்கிள் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் அவர் காட்டிய வழியில் இன்று பல கம்பனிகள் நடக்கின்றன.

அப்படியான சைக்கிள் நமது கடைகளில் கிடைக்காவிட்டாலும் அந்த அறிவைக் கடைக்குக் கொண்டுபோகலாம்.

முதலில், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒளித்துவைத்துக் கொடுக்கும் பரிசு அளவு பிழைக்கும். பிரேமுக்கு மேலால் கால் விரித்து நின்றால் பாதம் இரண்டும் நிலத்தில் முழுதாகப் படியவேண்டும், நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கவேண்டும். பிரேக்கைப் பிடித்து முழுதாக அமத்த விரல் எட்டவேண்டும். எட்டாவிட்டால் அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் இல்லை என்றே எண்ணுங்கள்.

இரண்டாவது, தராசில் நிறுங்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு உங்கள் நிறையைக் கழித்தால் சரி. இரண்டு சைக்கிள் ஒரே விலை என்றால் ஸ்பிரிங் இல்லாததை எடுங்கள், கியர் குறைந்ததை எடுங்கள். அதில் பழுதும் குறைவு, நமது பாதைக்கு அது போதும்.

மூன்றாவது, வயதைப் பார்க்காமல் உயரத்தைப் பாருங்கள். பொதுவாக 6 முதல் 8 வயதுக்கு 20 அங்குலம், அதற்கு மேல் 11 வரை 24 அங்குலம், 145 சென்ரிமீற்றர் தாண்டினால் 26 அங்குலம் என்பார்கள். ஆனால் ஒரே வகுப்பில் ஒரு சாண் உயர வித்தியாசம் இருப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். வளர்ச்சிக்கான இடத்தைச் சக்கரத்தில் தேடாமல் சீட் கம்பியில் தேடுங்கள். நீளமான கம்பி என்றால் வருடா வருடம் உயர்த்தலாம், அதில் கீறியிருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டாமல்.

"நாங்க பெரிய சைக்கிள்ல பாருக்குள்ளால காலை விட்டுத்தான் பழகினோம்" என்று பெரியவர்கள் சொல்வது உண்மை. அது வீட்டுக்கே ஒரு சைக்கிள் இருந்த காலம், பாதையில் வாகனமும் குறைவு. இன்று பிள்ளைக்கென்றே காசு கொடுத்து வாங்குகிறோம். பாதையில் பஸ்ஸும் ஓட்டோவும் முட்டி மோதுகின்றன.

காசு முக்கியம், மறுக்கவில்லை. 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது சைக்கிள் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அளவான சைக்கிள் தினமும் ஓடும், பிறகு தம்பிக்கோ தங்கச்சிக்கோ அடுத்த வீட்டுக்கோ போகும். விறாந்தையில் துருப்பிடிக்கும் பெரிய சைக்கிள்தான் உண்மையில் விலை கூடியது. நல்ல நிலையிலுள்ள பழைய சைக்கிளுக்குப் புது பிரேக் கட்டையும் டயரும் போட்டுக் கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

கடைசியாக ஒன்று. வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளைக்கும் பாடசாலை அதே தூரத்தில்தான் இருக்கிறது. அதன் கால்களையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.