திண்டிவனம் டு விழுப்புரம்: கரண்டு வண்டி புராணம்

தங்கமணிக்கு விக்கிரவாண்டிக்கு மாற்றல் ஆகியிருக்கு. போன வாரம், "ஏங்க, தினமும் பஸ்ஸுக்கு நின்னு மாளல. ஒரு கரண்டு வண்டி வாங்கிக்கவா?"ன்னு கேட்டாங்க. எனக்கு பகீர்னுச்சு. 2009-ல ஒண்ணு வாங்கி சூடு பட்ட பூனை நான். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே.

வீடு திண்டிவனம், ஆணி புடுங்குறது விழுப்புரம். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் வழியா கிட்டத்தட்ட 40 கி.மீ. அவ்வளவு தூரம் அந்த வண்டி போகாதுங்கறதால வீட்டுலேர்ந்து ஸ்டேஷன் வரைக்கும்தான் சவாரி. (கம்பெனி பேரு வேணாமே.)

அப்ப சந்தைக்கு வந்ததுல பாதிக்கு மேல இந்த ரகம்தான். மோட்டார் 250 வாட், வேகம் 25 கி.மீ. இந்த அளவைத் தாண்டாத வண்டிக்கு லைசென்ஸும் வேணாம், பதிவெண்ணும் வேணாம். ஹீரோ எலக்ட்ரிக் 2007-ல் தொடங்கியது, நம்ம கோவையில் ஆம்பியர் 2008-ல். எதிர்காலமே வந்துடுச்சுன்னு நம்பினோம் :-)

வில்லன் சீட்டுக்கு அடியில இருந்தான். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி நாலு, 48 வோல்ட் 20 ஆம்பியர்-ஹவர். பெருக்கிப் பாத்தா ஒரு யூனிட் கரண்டுகூட இல்லை, எடை மட்டும் 25 கிலோவுக்கு மேல. பிரான்ஸின் பிளாண்டே 1859-ல் கண்டுபிடிச்ச சமாச்சாரம் அது. இதுல ஒரு சிக்கல்: தீர்ந்த பேட்டரியை உடனே முழுசா சார்ஜ் பண்ணணும். அரைகுறையா விட்டா தகட்டுல ஈய சல்பேட் படிகமா இறுகிடும். அப்புறம் அது பேட்டரி இல்லை, பாறாங்கல்.

முழு சார்ஜுக்கு 6லேர்ந்து 8 மணி நேரம். ஆனா 2012-ல நம்ம பக்கம் கரண்டு இருந்த லட்சணம் ஞாபகம் இருக்கா? சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல வெட்டு. ராத்திரி ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். வண்டி அரை வயித்தோடவே கிடக்கும். நம்ம ஊர்ல அந்த வண்டியைக் கொன்னது மோட்டார் இல்லை, மின்வெட்டுதான்னு இன்னைக்கும் சொல்வேன். மத்திய அரசு 2010 நவம்பரில் தர ஆரம்பிச்ச மானியமும் 2012 மார்ச்சோட நின்னுது. அரசும் கைவிட்டுது, கரண்டும் கைவிட்டுது. என் பேட்டரிகளை எடைக்குப் போட்டேன்.

அப்புறம் காட்சி மாறுச்சு. 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான் பேட்டரி மெல்ல விலை இறங்கி ஸ்கூட்டருக்கும் வந்துது. சென்னை ஐ.ஐ.டி.யில் படிச்ச ரெண்டு பேர் 2013-ல் தொடங்கின ஏத்தர், 2018-ல் முதல் வண்டியை விட்டது. 2020 ஜனவரியில் டி.வி.எஸ். ஐக்யூப், 2021 ஆகஸ்டில் ஓலா. ஓசூர், போச்சம்பள்ளி, ராணிப்பேட்டைன்னு தொழிற்சாலைகள் எல்லாம் நம்ம மாநிலத்துலயே! 2019 ஏப்ரலில் வந்த இரண்டாவது ஃபேம் திட்டம், ஈய பேட்டரியை ஒதுக்கிட்டு ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 10,000 ரூபாய் மானியம் தந்தது. 2021 ஜூனில் அது 15,000 ஆச்சு, 2023 ஜூனில் மறுபடி குறைஞ்சுது.

நல்லதை மட்டும் சொன்னா தப்பு. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டுல சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடிச்சு, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் பேட்டரி பாதுகாப்பு விதிகளை இறுக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச்னு ரெண்டு கட்டமா அமல்படுத்தினாங்க. செகண்ட் ஹேண்ட் தேடுறவங்க அதுக்கு முந்தின வண்டியான்னு பாத்துக்குங்க சாமி.

இப்ப தங்கமணி கணக்கு. விக்கிரவாண்டி போக வர 50 கி.மீ. கிலோமீட்டருக்கு 30 வாட்-ஹவர்னு வச்சா 1.5 யூனிட். சார்ஜர் இழப்பெல்லாம் சேர்த்தாலும் 2 யூனிட்டுக்குள்ள. பெட்ரோல் வண்டின்னா ஒரு லிட்டருக்கு மேல, நூறு ரூபாய் காலி. ஆனா விளம்பரத்துல போடுற தூரத்துல கால்வாசியைக் கழிச்சுடணும். பேட்டரியும் வருஷாவருஷம் கொஞ்சம் தேயும். அதனால 3 யூனிட்டுக்குக் குறையாத பேட்டரி, பக்கத்துலயே சர்வீஸ், வாசல்ல காத்தோட்டமா சார்ஜ், ராத்திரி தூங்கும்போது சார்ஜ் கிடையாது. இதெல்லாம் என் நிபந்தனை.

"சரிங்க, அப்ப வாங்கிடலாம்ல?"ன்னாங்க. பழைய வண்டியைக் கொன்ன ரெண்டு வில்லனும், ஈய பேட்டரியும் 10 மணி நேர மின்வெட்டும், இப்ப இல்லை. மறுக்க காரணம் கிடைக்கல. நாற்கர சாலையில லாரிக்கு நடுவுல அவங்க போறதை நினைச்சாதான் வயித்தைக் கலக்குது. அதுக்கு எந்த பேட்டரியும் பதில் சொல்லாது.

டிஸ்கி: முதல் ஒரு மாசம் பின்னாடி உக்காந்து நானும் போகப்போறேன். எடை கூடுமேன்னு முறைக்கிறாங்க.