கைட்டோசான் குளிகை: பயனும் அளவும் மூலமும்

கல்முனைக்குடி முதல் பொத்துவில் வரையுள்ள கரையோர ஊர்களில், இறாலை ஆய்ந்து சதையைச் சட்டியிலிட்டபின் எஞ்சும் கோதை வளவின் மூலையில் எறிந்துவிடுவது நெடுங்கால வழக்கமாயிருக்க, அக்கோதிலும் நண்டின் ஓட்டிலும் அமைந்துள்ள கைட்டின் என்னும் பதார்த்தத்தினின்று ஆக்கப்படும் கைட்டோசான், உண்ட கொழுப்பை உடலிற் சேரவொட்டாது தடுத்துச் சரீரத்தை மெலியச் செய்யும் என்ற விளம்பரத்தோடு குளிகை வடிவில் உலகச் சந்தையில் விலைபோகின்றது. கடலுணவை நாளாந்தம் உண்போரும், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் மருந்து பெறுவோரும், உண்ணும் பொருள் ஆகுமானதா என்று கேட்டறிந்து உண்போருமான இப்பிரதேச மக்களுக்கு அக்குளிகை மூன்று வினாக்களை ஒருங்கே எழுப்புகின்றது: அதனால் விளையும் பயன் யாது, அதனால் நேரக்கூடிய அபாயம் யாது, அது எதிலிருந்து ஆனது? இம்மூன்றிற்கும் உரிய விடை அளவையும் மூலத்தையும் அறிவதிலேயே தங்கியுள்ளது என்பதும், அவ்விரண்டையும் வெளிப்படுத்தாத குளிகையை வாங்காதிருத்தலே முறை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பதார்த்தத்தின் இயல்பு

1811 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஹென்றி பிரகொனோ காளானிலிருந்து கைட்டினைப் பிரித்தறிந்தார். 1859 இல் சார்ள்ஸ் ரூஜே அதனைக் காரத்திற் காய்ச்சி அமிலத்திற் கரையும் பொருளொன்றைப் பெற்றார். அப்பொருளுக்கு 1894 இல் ஹொப்பே சைலர் கைட்டோசான் எனப் பெயரிட்டார். இன்றைய ஆலைகளில், ஓட்டிலுள்ள சுண்ணத்தை ஐதரோக்குளோரிக் அமிலத்தாலும் புரதத்தைச் சோடியம் ஐதரொட்சைட்டாலும் நீக்கி, எஞ்சிய கைட்டினைச் செறிந்த காரத்திலிட்டுச் சூடாக்க, அதன் அசற்றைல் கூட்டங்கள் பெரும்பாலும் கழன்று அமைன் கூட்டங்கள் வெளிப்படுகின்றன. நமக்கு அயலிலுள்ள கொச்சியில் இந்தியாவின் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் இம்முறையை ஆராய்ந்து வளர்த்துள்ளது. கேரள மீனவர் கூட்டுறவுச் சம்மேளனமான மத்ஸ்யபெட், கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் கைட்டோசான் ஆலையொன்றை நடத்துகின்றது.

இப்பதார்த்தத்தின் குணத்தை வீட்டு அடுப்படியிலேயே பிரத்தியட்சமாகக் காணலாம். ஒரு சிட்டிகைத் தூளை வெறும் நீரில் எவ்வளவு கலக்கினாலும் அது கரையாது அடியிற் படியும். சிறிது வினாகிரி சேர்த்துப் பொறுத்திருந்து கலக்கினால் மெல்லக் கரைந்து கொழகொழத்த திரவமாகும். அதன்மேல் அப்பச்சோடாக் கரைசலை ஊற்றினால் வெண்ணிறத் துணுக்கைகளாக மீண்டும் திரளும். அவ்வாறே இரைப்பையின் அமிலத்திற் கரைந்து நேரேற்றம் பெற்று, அமிலங்குன்றிய சிறுகுடலில் திரண்டு, அத்திரளினுள் கொழுப்பமிலங்களையும் பித்த அமிலங்களையும் பிணித்து மலத்தோடு வெளியேற்றும் என்பதே இக்குளிகைக்குக் கூறப்படும் தத்துவம்.

உடல் எடை

தத்துவம் பொருத்தமாயிருப்பினும், எவ்வளவு கொழுப்பு வெளியேறுகின்றது என்பதை அளந்தாலன்றிப் பயன் புலப்படாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கேட்ஸ், ஸ்டேர்ன் என்னும் ஆய்வாளர் நாளொன்றுக்கு 2.5 கிராம் கைட்டோசான் கொடுத்து மலத்திலுள்ள கொழுப்பை நிறுத்துப் பார்த்தபோது, ஆண்களிடத்துச் சராசரியாக நாளுக்கு 1.8 கிராம் கொழுப்பே மிகுதியாக வெளியேறியது. பெண்களிடத்து அவ்வளவு மாற்றமும் காணப்படவில்லை. அக்கணக்கின்படி ஓர் ஆண்மகன் ஓர் இறாத்தல் கொழுப்பைக் குறைத்துக்கொள்ள ஏழு மாதத்திற்கு மேலாகும். 1.8 கிராம் கொழுப்பு என்பது ஏறக்குறைய 16 கலோரி. பாற்தேநீரிலிருந்து ஒரு தேக்கரண்டிச் சீனியைக் குறைப்பவர் அதே அளவை எவ்விதச் செலவுமின்றிப் பெறுகின்றார்.

மனிதரிடத்து நீண்டகாலம் நடத்தப்பட்ட பரிசோதனைகளும் இதனையே உறுதிசெய்கின்றன. நியூசிலாந்தில் எடை மிகுந்த 250 பேருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் வீதம் 24 வாரங்கள் கொடுத்து 2004 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கைட்டோசான் உண்டோர் சராசரியாக 0.4 கிலோகிராம் குறைந்தனர். போலிக் குளிகை உண்டோர் 0.2 கிலோகிராம் கூடினர். 15 பரிசோதனைகளையும் 1219 பேரையும் ஒருங்கே நோக்கிய 2008 ஆம் ஆண்டின் கொக்ரேன் ஆய்வறிக்கை சராசரி வேறுபாட்டை 1.7 கிலோகிராம் எனக் கணித்த போதிலும், அவற்றுட் பல தரங்குறைந்தவை என்றும், தரமுடைய பரிசோதனைகளில் விளைவு மிகச் சிறிதாய்ச் சிகிச்சைக்குப் பயன்படாதவாறு உள்ளதென்றும் எடுத்துக்காட்டியது. பரிசோதனை எவ்வளவுக்குத் திருத்தமாக நடத்தப்பட்டதோ அவ்வளவுக்குப் பயன் சுருங்குகின்றது என்னும் இவ்வுண்மையே விளம்பரங்களுக்கு ஏற்ற மறுப்பாகும். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, இத்தகைய குளிகையை விற்ற என்போர்மா நிறுவனத்தின் விளம்பரங்கள் ஆதாரமற்றவை எனக் குற்றஞ்சாட்ட, அந்நிறுவனம் ஒரு கோடி டொலர் செலுத்த உடன்பட நேர்ந்தது.

கொலஸ்ட்ரோல்

இதனாற் கைட்டோசான் முற்றிலும் பயனற்றதென்று தள்ளுவதும் நியாயமன்று. பித்த அமிலங்கள் கொலஸ்ட்ரோலிலிருந்தே ஈரலில் ஆக்கப்படுபவை; அவை குடலிற் பிணிக்கப்பட்டு வெளியேறும்போது, அவற்றை மீண்டும் ஆக்குவதற்காக ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலை எடுத்துக்கொள்கின்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2011 இல் ஆதாரங்களைப் பரிசீலித்து, நாளொன்றுக்கு 3 கிராம் கைட்டோசான் தீய கொலஸ்ட்ரோலை இயல்பு நிலையிற் பேண உதவுமென ஏற்றுக்கொண்டது. எடைக் குறைப்புப் பற்றிய கூற்றையோ ஏற்க மறுத்தது. ஆயினும் கொக்ரேன் அறிக்கையின்படி மொத்தக் கொலஸ்ட்ரோல் குறைந்தது டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் அளவே. இருதய நோயாளருக்கு வைத்தியர் தரும் ஸ்டற்றின் மருந்துகள் தீய கொலஸ்ட்ரோலை மூன்றிலொரு பங்கும் அதற்கு மேலும் குறைப்பவை. அம்மருந்தை நிறுத்திவிட்டுக் கைட்டோசானை நாடுதல் உயிருக்கே ஆபத்தாய் முடியலாம்.

அளவு பற்றிய விஷயம் இங்கும் முன்னிற்கின்றது. ஒரு குளிகையில் 250 மில்லிகிராம் இருப்பின் 3 கிராமுக்கு நாளொன்றுக்கு 12 குளிகைகளும், 500 மில்லிகிராம் இருப்பின் 6 குளிகைகளும் வேண்டும். போத்தலில் “காலை ஒன்று, மாலை ஒன்று” என அச்சிட்டு விற்கப்படும் குளிகைக்கு இவ்வாய்வுகளைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

அபாயங்கள்

பரிசோதனைகளிற் பெரும்பாலும் காணப்பட்டவை மலச்சிக்கல், வயிற்று ஊதல், வாயு, குமட்டல் என்பனவே. நோன்பு காலத்தில், நீர் அருந்தும் வேளை நோன்பு துறந்தது முதல் ஸஹர் வரை சுருங்கிவிடுதலால், திரண்டு இறுகும் இயல்புடைய இப்பதார்த்தத்தை உண்போர் மலச்சிக்கலை விசேஷமாக எதிர்நோக்க வேண்டியவராவர். கொழுப்பிற் கரையும் ஏ, டீ, ஈ, கே விற்றமின்களையும் அது பிணித்து வெளியேற்றக் கூடுமாதலின், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் இதனைத் தவிர்த்தல் நன்று.

இதனினும் கருத்திற் கொள்ளத்தக்கது, பிற மருந்துகளோடு அது கலந்து விளைவிக்கும் கேடு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் உண்ட நோயாளியிடத்துக் கைட்டோசான் அம்மருந்தின் வேகத்தை மிகுத்ததும், வலிப்புக்கு வல்புரோயேற் உண்டவரிடத்து இரத்தத்தில் அம்மருந்தின் அளவு குன்றி வலிப்பு மீண்டதும் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. ஆகவே, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ வேறெந்த வைத்தியசாலையிலோ கிளினிக்கில் மருந்து பெறுவோர், பாமசியில் தாமாக வாங்கும் குளிகையையும் கிளினிக் கொப்பியோடு கொண்டுசென்று வைத்தியரிடம் காட்டுதல் இன்றியமையாதது.

இறாலோ நண்டோ ஒவ்வாதவர்க்கும் எச்சரிக்கை வேண்டும். அவ்வொவ்வாமையைப் பெரும்பாலும் விளைவிப்பது சதையிலுள்ள துரொப்போமயோசின் என்னும் புரதமாதலின், நன்கு சுத்திசெய்யப்பட்ட கைட்டோசானில் அது மிகக் குறைவாகவே இருக்கும். ஆயின் சுத்திகரிப்பு ஆலைக்கு ஆலை வேறுபடுமாதலின், கூனிச் சம்பல் உண்டு உடல் தடித்தவர் இக்குளிகையை அணுகாதிருத்தலே தகும்.

மூலமும் மார்க்கமும்

ஷாபிஈ மத்ஹபைப் பெரும்பான்மையாகப் பின்பற்றும் இக்கரையோர முஸ்லிம்களுக்கு இறாலும் நண்டும் ஒரே வகைப்பட்டனவல்ல. இறால் ஆகுமானது, நண்டையோ, நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணி என்ற காரணத்தால், இமாம் நவவியின் மின்ஹாஜ் தவளையோடும் பாம்போடும் சேர்த்து விலக்குகின்றது. இது பற்றி அறிஞரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. ஹனபி மத்ஹபிலோ மீனல்லாத கடற்பிராணிகள் யாவும் வினாவுக்குரியனவாகின்றன. “கடலோட்டிலிருந்து ஆக்கப்பட்டது” என்று மட்டும் லேபிளில் எழுதியிருப்பின், உண்பவருக்கும் பத்வா வழங்கவேண்டிய உலமாவுக்கும் தீர்ப்புக்கு வேண்டிய செய்தி கிட்டுவதில்லை. அத்தோடு, குளிகையின் மேலுறை எவ்விலங்கின் ஜெலற்றினால் ஆனது என்பதும் தனியே விசாரிக்கத் தக்கது. அஸ்பெர்ஜிலஸ் நைஜர் என்னும் பங்கசிலிருந்தும் கைட்டோசான் ஆக்கப்படுவதால், தாவர மேலுறையில் அடைக்கப்பட்ட அத்தகைய குளிகை, ஒவ்வாமையுடையோரின் அச்சத்தையும் மார்க்கம் பேணுவோரின் ஐயத்தையும் ஒருசேரத் தீர்க்க வல்லது.

முடிபு

எடை குறைத்தற்கென இக்குளிகையை வாங்குவதற்குப் போதிய ஆதாரமில்லை. கொலஸ்ட்ரோல் சற்றே மிகுந்து, வேறு மருந்து வேண்டாத நிலையிலுள்ளவர் வைத்தியரின் ஆலோசனையோடு நாளுக்கு 3 கிராம் உண்பது சிறு துணையாகலாம். அதன் சிறப்பான பிரயோகம் வேறு துறைகளில் உள்ளது: நேரேற்றமுடைய அதே இயல்பினால் குருதிக் கலங்களைத் திரளச் செய்து இரத்தப் பெருக்கை நிறுத்தும் காயக்கட்டுகள் அதனால் ஆக்கப்படுகின்றன, கலங்கிய நீரைத் தெளிவிக்கவும் அது பயன்படுகின்றது.

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்வழி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைநிலை உற்பத்திகளையும் கண்காணிக்கும் பொறுப்புடையது. இறாலா நண்டா பங்கசா என்பதும், ஒரு குளிகையிலுள்ள கைட்டோசானின் நிறையும், அசற்றைல் நீங்கிய வீதமும், மேலுறையின் மூலமும், விலக்க வேண்டியோர் யாவர் என்பதும் தமிழிலும் சிங்களத்திலும் லேபிளில் அச்சிடப்படாத எக்குளிகைக்கும் விற்பனை அனுமதி தரலாகாது. சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடம் சந்தைக் குளிகைகளின் நிறையையும் எஞ்சிய புரதத்தையும் சோதித்து முடிவுகளை வெளியிடுமாயின், அது இவ்வூர் மக்களுக்குச் செய்யும் நேரடித் தொண்டாகும். அதுவரை பாமசியின் முன் நிற்பவர் கேட்க வேண்டியவை இரண்டே: இது எதிலிருந்து ஆனது, இதில் எவ்வளவு உள்ளது? விடை கிடையாவிடின் பணத்தைக் கொடாது திரும்புதலே அறிவுடைமை.